பெயருக்குக் கீழே ஒரு பதவி

என் வீட்டுக்காரரை அலுவலகம் எப்போதோ விட்டுவிட்டது. அவர்தான் அலுவலகத்தை இன்னும் விடவில்லை. குடிநீர் ஆய்வகத்தில் முதன்மை வேதியியலாளராக இருந்தவர். யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும் அடியில் தானாகவே நாலு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்: பெயர், படிப்பு, ஓய்வு பெற்ற முதன்மை வேதியியலாளர், குடிநீர் ஆய்வகம். மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாலும் அந்த நாலு வரி தப்பாது. இது வாழ்த்தா, தண்ணீர் பரிசோதனை முடிவா என்று நான் கேட்டால், பதவி என்ன சும்மாவா வருகிறது என்பார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதும் சும்மா வந்ததில்லைதான். அதை நான் எந்த அடியில் எழுதிக்கொள்வது?

அந்தச் சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மின்னஞ்சலை வாசித்துக் காட்டினார். எங்கள் ஊரில் எண்ணிக்கையில் குறைவான அந்த மதத்துக்காரர்கள், தொட்டி கழுவுகிற சாக்கில் வீடு வீடாகப் போய்த் தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்களாம். குடித்தால் நம் வம்சமே இல்லாமல் போய்விடுமாம். கூடவே ஒரு படம். ஒருவன் மூட்டையிலிருந்து தண்ணீரில் எதையோ கொட்டுகிறான். பத்துப் பேருக்கு அனுப்பு, பிள்ளைகளைக் காப்பாற்று என்று முடிகிறது.

இதைப் போன வாரமே பார்த்தீர்களே, அப்போது நம்பவில்லையே என்றேன். அப்போது ஆதாரம் இல்லை, இப்போது ஒரு மூத்த வேதியியலாளரே எச்சரிக்கை கொடுத்திருக்கிறாராம், பழைய அலுவலக நண்பர் எழுதியிருக்கிறார் என்றார். அவர் குரலில் மரியாதை. அந்த வேதியியலாளர் யார் என்று கேட்டேன். அடியில் இருக்கும், பிறகு பார்க்கிறேன் என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் தொட்டியைக் கழுவுவது டார்ச்தான். நெற்றியில் ஒரு வாரால் விளக்கைக் கட்டிக்கொண்டு திரிவதால் குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். அவன் அந்த மதத்துக்காரன்தான். அன்று காலைதான் எங்கள் மாடியில் விட்டுப்போன நீளப் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ள வந்திருந்தான். இன்றைக்கு எதிர் பிளாக், நாளைக்கு உங்களுடையது அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கழுவிய தண்ணீரைத்தான் வருஷக்கணக்காகக் குடிக்கிறோம், இதோ கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்றேன்.

அப்போதுதான் தொலைபேசி வந்தது. இவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவே கேட்கும். ஒரு பெண் பேசினாள். பரவும் செய்திகள் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கிற ஒரு தளத்திலிருந்து கூப்பிடுகிறாளாம்.

"சார், தண்ணியில பொடி கலக்கறாங்கன்னு ஒரு மெயில் சுத்துது. அதை நீங்க எழுதினீங்களா?"

"நான் ஏம்மா எழுதப்போறேன்? எனக்கே வேற ஒருத்தர் அனுப்பினதுதான்."

"அடியில உங்க பேரும் பதவியும் இருக்கு சார்."

இவர் திரையைக் கீழே தள்ளினார். யார் யாருடைய முகவரிகளோ போய்க்கொண்டே இருந்தன. கடைசியில், மகளுக்கு இவர் அனுப்பும் வாழ்த்துகளில் நான் பார்த்துச் சலித்த அதே நாலு வரி. காலையிலிருந்து இவர் அவ்வளவு மரியாதையோடு பேசிய மூத்த வேதியியலாளர் இவரேதான்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் அந்த மின்னஞ்சல் வந்ததும் இவர் பழைய அலுவலகக் குழுவுக்கு அதை அனுப்பினார். மேலே, இது உண்மையா, தெரிந்தவர்கள் சொல்லவும் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அங்கிருந்து அடுத்த கைக்குப் போகும்போது யாரோ அந்த வரியை நீக்கிவிட்டார்கள். அடியில் இருந்த பதவியை மட்டும் யாரும் தொடவில்லை. சந்தேகம் போய்விட்டது, சான்றிதழ் தங்கிவிட்டது.

அந்தப் படம் வேறொரு நாட்டில் மீன் குட்டைக்குச் சுண்ணாம்பு போடும்போது எடுத்தது, குட்டையின் கரை தெரியாதபடி படத்தை வெட்டிவிட்டுப் பரப்புகிறார்கள் என்றாள் அந்தப் பெண். முழுப் படமும் எங்கே இருக்கிறது என்று அனுப்புகிறேன், எங்களை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள், இதை எழுதியது நான் இல்லை என்று மட்டும் ஒரு வரி கொடுங்கள், உடனே போடுகிறோம் என்றாள். கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்னைச் சரிபார்க்க நீங்கள் யார், உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், போன மாதம் பாலம் விஷயத்தில் நீங்களே தப்பாக எழுதவில்லையா என்று பொரிந்து தள்ளினார். ஆமாம் சார், தப்புதான், திருத்தம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.

"தப்பு பண்றவங்களை எப்படி நம்பறது?" என்றார் என்னிடம்.

"தப்புன்னா தப்புன்னு முதல் பக்கத்துல போட்டிருக்காங்க. நம்ம வீட்ல அப்படி ஒரு திருத்தம் எப்பவாவது வந்திருக்கா?"

முகம் சுருங்கிவிட்டது. பரிசோதிக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை, இப்போது மறுத்தால் சரிபார்க்காமல் அனுப்பியவன் என்று ஊரே சிரிக்கும், சாயங்காலம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்றார். வெள்ளைப் பொடி என்றதும் பிளீச்சிங் பவுடர் நினைவுக்கு வரவில்லையா என்றேன். வந்தது, அதனால்தான் கேள்வி போட்டு அனுப்பினேன் என்றார் சின்னக் குரலில். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பளார் என்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். எதிர் பிளாக்கின் மொட்டை மாடியில் கூட்டம். துணி காயப்போட யாரும் கூட்டமாக வருவதில்லை. எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள், பாதிப் பேர் கையில் கைபேசி. தொட்டிக்குள் இருக்க வேண்டிய அலுமினிய ஏணி வெளியே தரையில் கிடந்தது. டார்ச்சைக் காணவில்லை.

"என்னங்க, அவனை உள்ள விட்டு ஏணியை எடுத்துட்டாங்க."

இவர் வந்து பார்த்தார். செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் எங்களைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. எதிர் பிளாக் செயலாளரை எல்லோரும் மைக் என்போம், கூட்டத்தில் கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார். அவர் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மெயிலைப் பார்த்துத்தான் சார் சுதாரித்தோம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றார். சாட்சியாக, தரையில் ஒரு வெள்ளைப் பொடிப் பை. போலீஸ் வரும்வரை மூடியைப் போட்டு வைக்கலாம் என்று இரண்டு பேர் இரும்பு மூடியைத் தூக்கித் தொட்டியின் வாயில் பாதி தள்ளியிருந்தார்கள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. வெளியே விடுங்க என்று டார்ச் கத்திக்கொண்டிருந்தான்.

"மூடாதீங்க, உள்ள குளோரின் இருக்கு, மூச்சு முட்டிடும்" என்றார் இவர்.

"பாத்தீங்களா, சாரே சொல்லிட்டார், உள்ள விஷம் இருக்கு!" என்று மைக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

இவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். பிறகு, அது பிளீச்சிங் பவுடர், தொட்டி கழுவினால் அதைத்தான் போட வேண்டும், நன்றாக அலசிவிட்டால் ஒன்றும் ஆகாது, அந்த மெயிலை நான் எழுதவே இல்லை என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். யாரும் கேட்பதாக இல்லை. காலையில் சரிபார்க்கிற ஆட்கள் சாருக்குப் போன் போட்டிருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள் என்றது ஒரு குரல். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள்தானே என்றது இன்னொன்று. சற்று முன்பு எங்கள் மேஜையில் இவர் பேசியதே இவருக்குத் திரும்பி வந்தது. இவர் எழுதாததை நம்பியவர்கள், இவர் வாயால் சொல்வதை நம்பவில்லை. மூடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நான் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை நசுங்கினால் நசுங்கட்டும் என்றுதான் இருந்தது.

உள்ளே இருமல் விடாமல் கேட்டது. கத்தல் நின்றுபோயிருந்தது.

இவர் குனிந்து ஏணியைத் தூக்கினார். முழங்கால் வலிக்காரர், மாடிப்படி ஏறினாலே இரண்டு இடத்தில் நிற்பவர். நானும் ஒரு கை கொடுத்தேன். ஏணியைத் தொட்டிக்குள் இறக்கினார். மைக் தடுக்க வந்தார்.

"என் பேரை நம்பித்தானே இங்க நிக்கறீங்க? அந்தப் பேர் உள்ள போகுது. அவன் ஏறினப்புறம்தான் நான் ஏறுவேன். இப்ப மூடணும்னா மூடிக்கோங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குக் கோபம், பயம், கொஞ்சம் பெருமை என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. உள்ளே இவரும் இருமத் தொடங்கினார். மூடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் மாடி வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கையை எடுத்தவர் அவர்தான். மற்றவரும் எடுத்தார். மூடி முழுவதும் விலகியது. சாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று யாரோ முணுமுணுத்தார்கள். டார்ச் உள்ளே இருந்தபோது அந்தக் கேள்வி ஒருவருக்கும் வரவில்லை என்பதை நான் மறக்கப்போவதில்லை.

முதலில் நெற்றி விளக்கு தெரிந்தது. டார்ச் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான், கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. கூட்டம் பின்வாங்கியது. பின்னாலேயே இவர் வந்தார். நான் தூக்கிவிட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள்.

"எழுதினது நான் இல்லப்பா. ஆனா சரிபாக்காம அனுப்பினது நான்தான். மன்னிச்சுடு" என்றார் இவர். இவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

டார்ச் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏணியை எடுத்தப்போ மெயிலைப் படிச்சுக் காட்டினாங்க சார். கடைசியில உங்க பேரையும் படிச்சாங்க. வேற யார் பேரா இருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். எத்தனை லிட்டருக்கு எவ்வளவு பவுடர்னு நான் கத்துக்கிட்டதே உங்ககிட்டதானே. நீங்களே சொல்லிட்டீங்கன்னதும், நான்தான் எதையாவது தப்பா போட்டுட்டனோன்னு பயந்துட்டேன்."

இவர் தலை குனிந்தது. டார்ச் எழுந்து பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டான். உள்ளே இன்னும் அலசவில்லை, அப்படியே தண்ணீர் ஏற்றிவிடாதீர்கள் என்று மைக்கிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். மறுநாள் எங்கள் தொட்டிக்கு அவன் வரவில்லை. நான் கூப்பிட்டபோது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

மாடியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இவர் கண்ணைக் கழுவிக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அப்போதும் ஸ்பீக்கர்தான். எதையும் மறைக்காமல், காலையில் அவளைத் திட்டியதையும் சேர்த்துச் சொன்னார். அவள் பொறுமையாக எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினாள், இரண்டு இடத்தில் இவர் திருத்தினார். கடைசியாக, பெயருக்குக் கீழே என்ன போடட்டும் சார், ஓய்வு பெற்ற முதன்மை வேதியியலாளர் என்றா என்று கேட்டாள்.

இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிட்ட தட்டு இன்னும் அங்கேயே இருந்தது.

"வேண்டாம்மா" என்றார். "அனுப்பினவர்னு போடுங்க."