சுத்தியலில் கட்டிய துணி

கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து வெங்கிடராமன் உள்ளே விரலை விட்டார். பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டியும் பதினொன்று அடிக்கவில்லையே என்று பார்க்கப் போனவருக்கு, மணியடிக்கும் சுத்தியலின் தலையில் சுற்றியிருந்த துணி அகப்பட்டது. பச்சைக் கரை வேட்டியிலிருந்து கிழித்த துண்டு. இழுத்து அவிழ்த்தார்.

அவருக்குப் பின்னால் கூடத்துத் தரையில், தெற்கே தலை வைத்து, அவர் தம்பி ஹரிநாராயணன் கிடந்தான்.

"அப்பா வாங்கின கடியாரம். இது வாயை யாரு கட்டினா?"

தம்பியின் மகன் சங்கர்ராம் தலையைத் தூக்கவில்லை. அவன் மனைவி சுபாஷிணி உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். காக்கநாட்டில் ஏதோ கம்பெனி, ராத்திரி வேலை. கழுத்தில் அடையாள அட்டையின் நாடா இன்னும் கிடந்தது. அதைக் கழற்றக்கூடத் தோன்றாத பெண் என்று வெங்கிடராமன் மனதில் குறித்துக்கொண்டார்.

கலூரிலிருந்து மனைவி கங்காவோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோதே அவருக்கு எதுவும் சரியாகப் படவில்லை. வாசல் மணியை அழுத்தினார். சத்தமே இல்லை. இரண்டாம் முறையும் அழுத்தியபோது எதிர்வீட்டு அம்மிணி படியிறங்கி வந்து கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்.

"அது அடிக்காது சாமி. வயரு ஊரி வெச்சிருக்கு. பகலும் ராத்திரியாக்கின வீடாக்கும் இது. ஹரிச்சாமி உள்ள கெடந்து விளிச்சாலும் ஆரு கேப்பா? நான் ஒண்ணும் பறயல்லே, கேட்டேளா."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். இந்தத் தெருவில் மூன்று தலைமுறையாக யாரும் இந்த வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

"எங்கே போச்சு உயிர்?" என்று, அவிழ்த்த துணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"திவான்ல பெரியப்பா," என்றான் சங்கர்ராம். "நான் ஆலுவாவுல கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இவ ஃபோன் பண்ணித்தான் ஓடி வந்தேன். டாக்டர் வந்து பாத்துட்டு, விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கும்னார்."

"நீ எப்போ வந்தே?" இது சுபாஷிணியிடம்.

"ஆறரைக்கு."

"ஆறரைக்கு வந்தவளுக்கு, கூடத்துல செத்துக் கெடந்த மனுஷன் கண்ணுல படலையா? எங்களுக்கு ஃபோன் வரச்சே பத்து."

அவள் உதடு அசைந்தது. சங்கர்ராம் முந்திக்கொண்டான். "ஒறங்கறார்னு நெனச்சுட்டா பெரியப்பா."

வெங்கிடராமன் கூடத்து மூலையில் கிடந்த திவானைப் பார்த்தார். ஹரி படுக்கிற இடம் அதுதான். மூன்று வருஷமாக, சொந்த வீட்டில், உள்ளறையை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டுக் கூடத்தில் கிடந்தான். திவானின் ஓரத்தில் அவன் போர்வை நாலாக மடித்து, விளிம்பு விளிம்போடு சேர்ந்து இருந்தது. தலையணை அதன்மேல். ஹரியின் மடிப்பு அது. எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனவன், மறுபடி அங்கேயே வந்து படுத்துச் செத்தானா? மூக்குக்கண்ணாடியையும் காணோம். அது இல்லாமல் நாலடி நடக்க மாட்டான்.

"கதவைத் தொற," என்றார்.

சுபாஷிணி நகரவில்லை. "அது வேண்டாம் பெரியப்பா."

"என்னத்துக்கு வேண்டாம்?"

கங்கா தாழ்ந்த குரலில், "இப்போ என்னத்துக்கு இதெல்லாம்? காரியம் பண்ண வாத்தியார் வரார்," என்றாள்.

"வாத்தியார் வரத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

கதவை அவரே தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்தது. விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. பின்னாலேயே சுபாஷிணியும் வர, கதவு தானாகச் சாத்திக்கொண்டது; தெரு நின்றுபோனது. கூடத்து அழுகை, சுக்கு ஏற்றும் லாரியின் இரைச்சல், படகுத்துறை ஹாரன், ஒன்றும் இல்லை. ஜன்னலில் கனத்த கறுப்புத் திரை, அதன் உள்பக்கம் இன்னொரு வெள்ளைத் திரை. சுவர் வெளிறிய பச்சை. கண்ணாடி இல்லை, டி.வி. இல்லை, போன் வைக்க ஒரு பலகைகூட இல்லை. மச்சில் இருந்த விளக்கைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையை மட்டும் காட்டும் மஞ்சள் விளக்கு. வெட்டிவேர் வாசனை. தணிந்த கட்டில், பருத்தி மெத்தை, சலவை விரிப்பு.

மகாராணிக்குச் செய்த அறை. ஹரிக்குத் திவான்.

தலையணை உறையில் விபூதி ஒட்டியிருந்தது. ஜன்னலடியில், திரையின் நிழலில், மூக்குக்கண்ணாடி கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"இங்கேதான் போச்சு," என்றார். குரல் உயரவில்லை. "செத்தவனைத் தூக்கிண்டு போய் வெளியில போட்டிருக்கேள். உயிர் போன ரூமை அடைச்சுடப் போறாளேன்னு."

சங்கர்ராம் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பேசியவள் சுபாஷிணி.

"ரூமுக்காக இல்லை. அம்மிணியம்மா என்ன சொல்லுவான்னு பயந்துட்டோம். தெனமும் நான் வர முன்னாடி அப்பா எழுந்து வந்து, விரிப்பைத் தட்டிப் போட்டு, திரையை இழுத்து வெப்பார். இன்னிக்கு வந்தப்போ கதவு தொறந்திருந்தது. கட்டில்ல படுத்துண்டிருந்தார். ஒருக்களிச்சு, கையைக் கன்னத்துக்கு வெச்சுண்டு." அவள் தன் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒரு நாளாவது இதுல படுத்துப் பாருங்கோ அப்பான்னு. கேக்க மாட்டார். சரி, இன்னிக்காவது படுத்தாரேன்னு..."

"ம்."

"பாதித் திரைதான் இழுத்திருந்தது. மீதியை நான் இழுத்து விட்டேன். கதவைச் சாத்திண்டு வந்து திவான்ல தலை சாச்சேன். முழிச்சப்போ வெயில் வந்துடுத்து. அவரை எழுப்பப் போனேன்." கன்னத்திலிருந்த கையை எடுத்தாள். "நான் ஒறங்கிட்டேன் பெரியப்பா."

வெங்கிடராமன் சுவரைத் தொட்டார். ஜன்னல் சட்டத்தில் திரைக் கம்பி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. ஆணி அடித்த இடத்தில் பென்சில் கோடு.

"இதெல்லாம் யார் பண்ணினா?"

"அப்பாதான்," என்றான் சங்கர்ராம். "பெயின்டர் மூணு நிறம் அடிச்சுக் காட்டினான். ஒவ்வொண்ணையும் உச்சி வெயில்ல கதவைச் சாத்திண்டு உள்ள உக்காந்து பார்த்தார். ரப்பர் பட்டை ஒட்டினதும், பெல் வயரைக் கழட்டினதும், வேஷ்டியைக் கிழிச்சுக் கடியாரத்துல கட்டினதும் அவர்தான். நான்கூடக் கேட்டேன், எதுக்குப்பா இத்தனைன்னு. பகல்ல ஒறங்கினவனுக்குத்தான்டா தெரியும்னார்."

ஹரி முப்பது வருஷம் ஏலூரில் உர ஆலையில் ஷிப்டு பார்த்தவன். ராத்திரி வேலை முடிந்து ஏழரைக்கு வருவான். கூடத்தின் கோடியில், ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பான். அம்மா அரைப்பாள், பிள்ளைகள் ஓடும், வந்தவர்கள் மணியடிப்பார்கள். அவன் தலைக்கு நேர் மேலே, மணிக்கு மணி, கடிகாரம் அடிக்கும். எல்லோரும் இந்த வீட்டில் இருந்த அந்நாளில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மூத்தவரான வெங்கிடராமனின் பொறுப்பு. ஒரு நாள் தவறியதில்லை. ஹரி ஒரு நாளும் எதுவும் சொன்னதுமில்லை.

வெளியே வாத்தியாரின் குரல் கேட்டது. கதவைத் திறந்த பிறகுதான் கேட்டது.

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடினார். "சதயம். இன்னிக்கு முழுக்க இருக்கு. இந்த நட்சத்திரத்துல போனா, போன எடத்துக்கு ஆறு மாசம் அடைப்பு. எந்த எடத்துல பிராணன் போச்சு? உள்ளறைன்னா பூட்டிடணும், யாரும் புழங்கப்படாது. கூடம்னா முழுக்க அடைக்க முடியாது. அந்த மூலையைத் தட்டி வெச்சு மறைச்சு, தெனமும் விளக்கேத்துங்கோ."

வாசற்படியில் அம்மிணி கழுத்தை நீட்டினாள். சங்கர்ராம் பெரியப்பாவைப் பார்த்தான். சுபாஷிணி யாரையும் பார்க்கவில்லை. மூத்தவர் இருக்கும்போது இளையவர்கள் பதில் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வாத்தியாரிடம் வெங்கிடராமன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. நாள், நட்சத்திரம், கோத்திரம் எதிலும். அதில் பிசகினால் போனவனுக்குத்தான் கேடு என்று நம்புகிறவர் அவர். முதுகை நிமிர்த்தினார். மடியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, துண்டால் ஒருமுறை துடைத்து, திவானில் மடித்த போர்வைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கூடத்துல," என்றார். "இந்தத் திவான்ல. ஒறக்கத்துல போனான்."

வாத்தியார் தலையாட்டிவிட்டுத் தர்ப்பையை எடுத்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வெங்கிடராமன் கூடத்துக்கு வந்தபோது மாலை வெயில் படியிறங்கியிருந்தது. கழுவிய தரை இன்னும் காயவில்லை. திவான் மூலையை மறைத்துத் தென்னந்தட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் கங்கா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

அம்மிணி இரண்டு பெண்களோடு படியேறி வந்தாள். "மருமோள் எவிடே? ஒரு வாக்கு பறஞ்சுட்டுப் போலாம்னு..."

"ஒறங்கறா," என்றாள் கங்கா.

"ஒறங்கறாளா!" அம்மிணி கன்னத்தில் கை வைத்தாள். "மாமனாரைக் கொண்டுபோய் இன்னும் சூடு ஆறலே. எந்தொரு ஒறக்கம் இது?"

"நான்தான் போய்ப் படுக்கச் சொன்னேன்," என்றார் வெங்கிடராமன். "நேத்து ராத்திரி முழுக்க வேலை பாத்தவ. உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா என்கிட்டக் கேளுங்கோ. மெதுவாக் கேளுங்கோ."

அம்மிணியும் அந்தப் பெண்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

கடிகாரத்தில் ஆறுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மணி அடிக்கும் முன் உள்ளே சக்கரம் ஒருமுறை கரகரக்கும். அது கரகரத்தது. காலையில் அவிழ்த்த துணியை வெங்கிடராமன் கொடியில் தொங்கிய தான் கழற்றிய சட்டையின் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். துணி சுற்ற நேரமில்லை. சுத்தியல் எழுந்தது. அவர் தன் கட்டைவிரலை இடையில் வைத்தார்.

ஆறு முறை அது விரலில் அடித்தது. நின்ற பிறகு, பச்சைக் கரை வெளியே தெரியும்படி, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.