999-ஆம் நம்பர் வாடிக்கையாளர்

இந்தக் காலத்தில் எவனும் சரக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சுவரில் படம் போட்டுக் காட்டிவிட்டு, எல்லாம் தெரியும் என்கிறான். ஆக்சிஜன் சிலிண்டர் கிடங்கில் முப்பத்தொரு வருஷமாக இருக்கும் 'பூட்டு'க்கு அதுதான் வயிற்றெரிச்சல். பூட்டு என்பது ஆட்கள் வைத்த பெயர். அவர் தலையசைக்காமல் ஒரு சிலிண்டரும் கேட்டைத் தாண்டாது.

பழைய கம்ப்யூட்டர் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்டர் வந்ததும் தானே சரக்கை அனுப்பும் புது முறை வரப்போகிறது. அதைக் கட்ட ஒரு தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் வேண்டும். நேர்காணலில் உட்காரப் பூட்டை இழுத்து வந்தவர் மேனேஜர். பூட்டின் சொந்த மருமகன்தான்.

"சும்மா உக்காருங்க மாமா. கிடங்கு சார்பில ஒரு தலை வேணும்."

"தலை மட்டும்தானா? வாயைக் கழட்டி வச்சுட்டு வரணுமா?"

அந்த வேலைக்கு வந்த பெண்ணிடம் ஒரு வாரம் முன்பே கம்பெனிப் பதிவுகளின் நகலைக் கொடுத்திருந்தார்கள். திரையில் ஒரு வரியைக் காட்டினாள்.

"இதுல குப்பை நிறைய இருக்கு சார். 999-ன்னு ஒரு வாடிக்கையாளர். பேரு இல்ல, முகவரி இல்ல. மூணு வருஷமா ஆர்டரே இல்ல. ஆனா நாப்பத்திரண்டு சிலிண்டர் அவர்கிட்ட இருக்காம். அவரை அழிச்சிட்டா அத்தனையும் இருப்புல சேர்ந்திடும்."

மருமகன் முகமெல்லாம் பல்.

"இருப்புல சேர்ந்து?" என்றார் பூட்டு.

"ஆர்டர் வந்தா வண்டியில ஏத்தச் சொல்லி சிஸ்டமே சொல்லும், ஐயா."

"ஆஸ்பத்திரி கேட்டா?"

"ஆஸ்பத்திரிக்கும்தான்."

"அந்த 999 நான் பெத்த புள்ளைம்மா. நாப்பத்திரண்டும் வால்வு கசியற சிலிண்டர். பழுதுன்னு போட அந்தக் கம்ப்யூட்டர்ல இடமே இல்ல. இல்லாத ஆளு பேர்ல எழுதினா எவனும் எடுத்து அனுப்ப மாட்டான். உடைச்சுப் போட உத்தரவு கேட்டு இவருகிட்ட மூணு வருஷமா தொண்டை வத்துது."

மருமகனின் பல் மறைந்தது. அந்தப் பெண் பேனாவை மூடினாள். "கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். புதுசுல பழுதுக்குத் தனி இடம் வச்சிடறேன்."

அவள் வெளியே போனதும் மருமகன் அவளை வேலைக்கு எடுக்கும் படிவத்தை நீட்டினார். இரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. மூன்றாவது கட்டம் கிடங்குக்கு.

"தப்பைப் பட்டுன்னு ஒத்துக்கிட்டாங்க. இன்னும் என்ன மாமா வேணும்?"

"இன்னிக்கு நான் இருந்தேன், வாயைத் திறந்தேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை உள்ள கிடக்கோ. ஒரு மாசம் கிடங்குல நடந்து பாக்கட்டும். அப்புறம் நீட்டுங்க."

"ஒரு மாசத்துல வேற கம்பெனி கொத்திட்டுப் போயிடும்!"

"போகட்டும்."

"நீங்க போடலைன்னாலும் எடுக்கத்தான் போறோம்."

"எடுங்க. இந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தனுக்கு மூச்சு நின்னா, யாரு வேண்டாம்னாங்கன்னு தெரியணுமில்ல."

"வீட்டுல உங்க பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"அப்பன் மசியலைன்னு சொல்லுங்க. அவளுக்கு அது புதுசில்ல."

நடையில் நேர்காணலுக்கு வந்த பெண் நின்றிருந்தாள். "ஐயா, வேற எதைக் கேக்காம விட்டேன்?"

நல்ல கேள்விதான். வேலை கிடைக்கும்வரை எல்லாரும் நல்ல கேள்விதான் கேட்கிறார்கள். பூட்டு படியிறங்கினார்.