தாம்பூலப் பைக்கு நூறு சோப்பு

கலைமணிக்குச் சோப்புப் பைத்தியம் பிடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பைத்தியம் என்றது வேறு யாருமில்லை, அவள் நாத்தனார் தில்லையம்மாள்தான். சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு திருப்பாதிரிப்புலியூரில் கலைமணி வீடு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

தில்லையம்மாளைக் குறை சொல்லவும் முடியாது. கலைமணி முதல்முதலாகச் செய்த சோப்பை ஆசையாக வாங்கித் தேய்த்துக் குளித்த புண்ணியவதி அவள்தான். அன்றைக்குக் கலைமணி காஸ்டிக் சோடாவை டம்ளரால் அளந்து போட்டிருந்தாள், ரசத்துக்கு உப்பு போடுகிற மாதிரி ஒரு கைக்கணக்கு. நாத்தனாருக்குக் கழுத்தும் முழங்கையும் சிவந்துபோய், மூன்று நாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு கல்யாணமோ கருமாதியோ, எங்கே நாலு பேர் கூடினாலும் ஆரம்பித்துவிடுவாள்: "எந்தம்பி பொண்டாட்டி சோப்பு இருக்கே, அழுக்கு மட்டும் போவாது, தோலும் சேந்து போவும்." சிரிக்காத ஆள் கிடையாது. கலைமணியும் கூடவே சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள்.

இப்படி இருக்கையில் 2010-இல் தில்லையம்மாள் மகள் கனிமொழிக்கு இன்னும் மூன்று மாதத்தில் வளைகாப்பு என்று முடிவானது. மாசமாக இருக்கிற பெண் கேட்டதை மறுக்கக் கூடாது என்பார்கள். அந்தப் பெண் மாங்காய் கேட்டாளா, மசால்தோசை கேட்டாளா? "தாம்பூலப் பையில அத்த செஞ்ச சோப்பு வைக்கணும். தாய்மாமன் வூட்டு சீரா அதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். நூறு பை, நூறு சோப்பு.

தில்லையம்மாள் போனில் நிபந்தனை போட்டாள். "மொதல்ல ஒண்ணு செஞ்சி அனுப்பு. நான் போட்டுக் குளிச்சுப் பாத்துட்டுதான் மிச்சம். சம்மந்தி வூட்டுக்காரங்க முன்னாடி எந்தலை குனிஞ்சிது, அப்பறம் உஞ்சோப்பும் வேணாம், உன் ஒறவும் வேணாம்."

"சரிங்கண்ணி" என்று போனை வைத்தாள் கலைமணி. இந்த ஒரு தடவை சரியாக வந்தால் மூன்று வருடத்துப் பேச்சு அடங்கும். தப்பினால், சாகிறவரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது.

இந்தத் தடவை டம்ளர் இல்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ராபர்ட்டிடம் போய் உட்கார்ந்தாள். எந்த எண்ணெய், எத்தனை கிராம் என்று சொன்னால், எவ்வளவு காஸ்டிக், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற 'லை கால்குலேட்டர்' இன்டர்நெட்டில் இருக்கிறது, லை என்றால் காஸ்டிக்தான் என்று அவன்தான் தேடிக் கொடுத்தான். ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு காஸ்டிக் சாப்பிடும். தேங்காய் எண்ணெய்க்குப் பசி அதிகம், மல்லாட்டை எண்ணெய்க்கு, அதுதான் கடலெண்ணெய்க்கு, குறைச்சல். காஸ்டிக் கூடினால் தோல் எரியும், ரொம்பக் குறைந்தால் சோப்பு கொழகொழவென்று கையோடு வரும்.

நாலாயிரம் கிராம் தேங்காய் எண்ணெய், இரண்டாயிரம் கிராம் மல்லாட்டை எண்ணெய் என்று கொடுத்தாள். முதல் கால்குலேட்டர் அவுன்ஸில் பதில் சொன்னது. "இது நம்ம ஊரு கணக்கில்லக்கா" என்று ராபர்ட் அதை மூடினான். இரண்டாவது, மறு பேச்சில்லாமல் ஆயிரத்து நாலு கிராம் என்றது. மூன்றாவது ஆயிரம் கேள்வி கேட்டது. கட்டி சோப்பா, தண்ணி சோப்பா? எண்ணெயில் நூற்றுக்கு எத்தனை பங்கை காஸ்டிக்குக் கொடுக்காமல் மிச்சம் விடுவது? எல்லாம் கேட்டுவிட்டு, நூற்றுக்கு ஐந்து மிச்சம் விட்டால் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு என்றது.

"அம்பது கிராம் இடிக்குதேக்கா. எத எடுத்துக்கப் போறீங்க?"

"மூணாவத. உள்ள நொழஞ்சதும் ஊசி போடற டாக்டர்கிட்ட நான் போவமாட்டேன். நாலு கேள்வி கேக்கறவருதான் டாக்டரு."

ஆனாலும் சும்மா விடவில்லை. இரண்டாவது சொன்ன கணக்கில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்துப் பார்த்தாள். அதே தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு வந்து நின்றது. அடேயப்பா, அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மூன்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒன்று அடுப்படிக்கு, ஒன்று பீரோவுக்கு, ஒன்று எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"நான் பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னப் பத்தி இவ்ளோ விசாரிக்கலியே" என்றான் புருஷன் ஞானசேகரன்.

"விசாரிச்சிருந்தா இங்க ஏன் இருக்கப் போறேன்?"



மாதிரி சோப்புக்கு அரைக் கிலோ எண்ணெய். புதிதாக வாங்கின எலக்ட்ரானிக் தராசில் கிண்ணத்தை வைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றி, எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் மூன்றையும் கிராம் பிசகாமல் நிறுத்தாள். நாலு வாரம் காய வைத்து, நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தாள். காஸ்டிக் மிச்சமிருந்தால் பேட்டரியை நக்கின மாதிரி சுர்ரென்று இழுக்கும். இழுக்கவில்லை. சோப்பு சிதம்பரம் போனது. ஏழு நாள் கழித்து தில்லையம்மாள் போன் செய்து "பரவால்ல" என்றாள். தில்லையம்மாள் அகராதியில் அதற்கு மேலே வார்த்தை கிடையாது.

கலைமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே கடைக்குப் போய் நாலு பாக்கெட் தேங்காய் எண்ணெயும் இரண்டு பாக்கெட் மல்லாட்டை எண்ணெயும் வாங்கி வந்தாள். அந்தச் சின்னத் தராசு இரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது. தாங்க வேண்டிய அவசியமும் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் பாக்கெட். ஆறு பாக்கெட்டும் ஆறு கிலோவும் ஒன்றுதானே? பிறந்ததிலிருந்து அப்படித்தானே வாங்கிப் பழக்கம்? வெட்டி நேராகக் குண்டானில் ஊற்றினாள். காஸ்டிக்கை மட்டும் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு என்று பொட்டுத் தங்கம் நிறுப்பது போல நிறுத்தாள். அங்கேதான் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மாதிரிதான் பாஸாகிவிட்டதே என்று இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்க்காமலே நாலு வாரம் காய வைத்தாள். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் நூறு சோப்பையும் வெள்ளைத் தாளில் சுற்றி, மஞ்சள் நூல் கட்டி அடுக்கியாகிவிட்டது. ஓரம் வெட்டின சோப்புத் துண்டை எடுத்து ஞானசேகரன் முகச்சவரம் செய்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் துண்டால் கன்னத்தை ஒத்திக்கொண்டே வந்தான்.

"கலை, லேசா எரியுதே?"

"பிளேடு பழசா இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஒப்பவில்லை. அந்தச் சோப்புத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். சுர்ர்ர்! உச்சந்தலை வரைக்கும் இழுத்தது. வேறொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படியே. பீரோவிலிருந்து பிரிண்டை எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த மூன்றாவது கால்குலேட்டரையும், அதைக் காட்டின ராபர்ட்டையும், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு ஏதோ தோன்றி, சமையலுக்கு வைத்திருந்த புது எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தாள். ஆயிரம் காட்டவில்லை. தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. பாக்கெட்டைத் திருப்பினாள். ஒரு லிட்டர் என்று பெரிதாகப் போட்டு, கீழே எறும்பு எழுத்தில் 910 கிராம் என்றும் போட்டிருந்தது.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் இலேசு, ஒரு லிட்டர் ஒரு கிலோ வராது. ஆறு பாக்கெட்டில் அரைக் கிலோவுக்கு மேல் எண்ணெய் குறைச்சல், காஸ்டிக் மட்டும் முழு ஆறு கிலோவுக்கு. மிச்சம் விட்ட ஐந்து பங்கையும் விழுங்கிவிட்டு இன்னும் பசியோடு நின்றது அது. கலைமணி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விடு. அக்காதான் மாதிரி பாத்தாச்சுல்ல?" என்றான் ஞானசேகரன். "கடையில நூறு சோப்பு வாங்கி இதே தாள்ல சுத்திக் குடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

யோசனை நல்ல யோசனைதான். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு புரண்டாள். யாருக்கும் தெரியாது. நாத்தனார் எல்லார் முன்னாலும் "எந்தம்பி பொண்டாட்டி செஞ்சது" என்று பெருமையடிப்பாள். அப்போது தன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. விடிந்ததும் சோப்புப் பைகளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். புதுச்சத்திரம் வந்தபோது இன்னொரு தடவை நினைத்தாள்.

தில்லையம்மாள் கூடத்தில் வளையல்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். கலைமணி பையை வைத்துவிட்டு, நின்றபடியே ஒரே மூச்சில் ஒப்பித்தாள். லிட்டர், கிலோ, 910, எல்லாம். "சோப்பு தப்பாயிடுச்சுங்கண்ணி. மேலுக்குப் போட்டா எரியும். என் தப்புதான். என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்று முடித்தாள்.

தில்லையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பதினாலு வருடத்தில் கலைமணி அப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்ததில்லை. வசவைக்கூடத் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. தில்லையம்மாள் மெல்ல எழுந்தாள். ஒரு சோப்பைப் பிரித்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, குழாயடியில் போய்த் தேய்த்துக் கசக்கினாள். வெயிலில் விரித்துப் பார்த்தாள்.

"மேலுக்குத்தான எரியும்? துணிக்கு?"

"துணிக்கு ஒண்ணும் பண்ணாதுங்கண்ணி. பட்டுக்கு மட்டும் ஆவாது."

"அப்பறம் என்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? போய் மொதல்ல ரெண்டு இட்லி துன்னு."

மறுநாள் மண்டபத்தில் தாம்பூலம் கொடுக்கையில் தில்லையம்மாள் குரல் வாசல்வரைக்கும் கேட்டது. "தாய்மாமன் வூட்டு சீரு! எந்தம்பி பொண்டாட்டி கையால செஞ்ச துணி சோப்பு. மேலுக்குப் போடாதீங்க, பட்டுக்கும் போடாதீங்க!" ஒவ்வொரு பைக்கும் ஒரு தடவை சொன்னாள், நூறு பைக்கும் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுருக்கினாள். "தாம்பூலத்துல யாராவது துணி சோப்பு குடுப்பாங்களா சம்மந்தி?"

"உங்க வூட்டு ஆம்பளைங்க சட்டக் காலரப் பாத்தேன் சம்மந்தி. எனக்கே மனசு கேக்கல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வளையல் போட்டுக்கொண்டிருந்த கனிமொழியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாள் தன் வீட்டுக்காரரின் காலரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னொரு பையும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டமெல்லாம் போன பிறகு கலைமணி எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கனி கொழந்தைக்கு நீதான் சோப்பு செய்யணும். தல குளிப்பாட்டற அன்னைக்கே ஆரம்பிச்சுருவேன். இப்பவே சொல்லிட்டேன், சீக்கிரம் செஞ்சி காய வை."

கலைமணி கையிலிருந்த இலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, பச்சக் கொழந்த ஒடம்பு! நேத்துதான் நூறு சோப்பக் கெடுத்துட்டு வந்து நின்னேன். கடையில நல்லதா வாங்கிப் போடுங்களேன்."

"கடக்காரன் தப்பு பண்ணா பஸ் ஏறி வந்து எங்கிட்ட சொல்லுவானா?"

கலைமணிக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. "தோ, ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டே தில்லையம்மாள் அவள் கையிலிருந்த இலையை வாங்கித் தானே எடுத்துக்கொண்டு போனாள்.