படிவத்தில் இல்லாத பழுது

ஊர்ப் பொதுக் காற்றாலை நின்று ஏழு மாதமாகியிருந்தது. நாற்பது குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து நிறுவிய ஆலை. தெருக்குழாய்த் தண்ணீரும் மருந்தகத்துக் குளிர்பெட்டியும் அதன் மின்சாரத்தை நம்பித்தான் இருந்தன. உள்ளே ஒரு பேரிங் தேய்ந்துபோனதுதான் குறை. சங்கச் செயலாளரான தையல்காரி மூன்று முறை அரசாங்கத்துக்கு மனு எழுதினாள். மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

நான்காம் முறை, மெக்கானிக்கான கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு அவளே நிதி அலுவலகத்துக்குப் போனாள்.

நிதி அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "புது ஆலைக்குத்தாம்மா பணம். பழுதுக்கு இதுல இடமே இல்ல. பேசாம அதைப் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசுக்கு எழுதிக் கொடுங்க. சீக்கிரம் கெடைக்கும்."

கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கு. சரின்னு சொல்லுங்க."

அவளுக்கும் சபலம் தட்டியது. தினம் குடம் தூக்கித் தோள் இற்றுப்போயிருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"பட்டன் போச்சுன்னு சட்டையக் கொளுத்துவாங்களா சார்? கோபுரம் நல்லாருக்கு, இறக்கை நல்லாருக்கு. புதுசுலயும் ஒருநாள் பேரிங் தேயும். அப்ப அதையும் பிரிக்கவா?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "இப்படி நின்னு போனது வேற இருக்கா?"

"எங்க பக்கத்துலயே ஒன்பது சார். ஒண்ணுல காக்கா குடும்பம் நடத்துது," என்றான் கொழுந்தன்.

அதிகாரி சிரித்துவிட்டார். "எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மேல நான் பேசறேன்."

கடையைப் பூட்டிவிட்டு அவள் ஊர் ஊராகப் பஸ் ஏறினாள். ஒரு சங்கத் தலைவர், "இதெல்லாம் ஆகற காரியமா?" என்று கதவைச் சாத்தினார். மறுநாளும் போய் நின்றாள். கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் பதிலே இல்லை. பிறகு உத்தரவு வந்தது: பத்து ஆலைகளுக்கும் பழுதுபார்க்க நிதி, ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் தனி ஒதுக்கீடு. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கொழுந்தனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள்.

பேரிங் மாற்றிய அன்று நல்ல காற்று. இறக்கைகள் முனகின, தயங்கின, பிறகு சுழன்றன. கீழே ஊரே கைதட்டியது. கொழுந்தன் கிரீஸ் முகத்தோடு இறங்கி வந்தான்.

"அண்ணி, பசி உயிர் போகுது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வாடா, முதல்ல சாப்பிடு," என்றாள்.