முந்தி வந்த வலி

தாசையனின் இடது விலா திங்கட்கிழமை காலையிலேயே வலிக்கத் தொடங்கியது. அடி விழுந்தது வியாழக்கிழமை. சிறையில் இது புதிதல்ல. பார்க்க ஆள் வராத கைதிகளுக்கு வலி மூன்று நாள் முந்தி வரும், காயம் பிறகு வரும். மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் இரும்பைத் திருடி விற்றதற்கு உள்ளே வந்தவன் தாசையன். பொன்முடி எஸ்டேட் லயத்திலிருந்து அவன் மனைவி பேச்சி வந்துபோக ஒரு நாள் வேலை கெடும், அவள் வரவில்லை. இப்படிப்பட்டவனை அடித்தால் ஏனென்று கேட்க நாதியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வலிக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் வெல்ஃபேர் ஆபீசர் அனந்திடம் போய்ச் சொன்னான்.

"சாரே, வியாழக்கிழமை எனக்கு அடி விழும்."

"ஆராக்கும் சொன்னது?"

"ஆரும் சொல்லல. விலா சொல்லுது."

"அப்போ அடிக்கிறவன் பேரையும் விலாகிட்டயே கேட்டுட்டு வா" என்று சிரித்த அனந்த், பாவம் பார்த்து ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். திரும்பி வந்தவனை ஜெயகுமார் மறித்தான். எட்டு வருஷமாகக் கிடப்பவன். அந்த பிளாக்கில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"ஆபீஸ்ல டீ கிட்டிச்சோடா?"

"ஆமாண்ணே."

"ஆரைக் காட்டிக் குடுத்தே? சும்மா டீ தர அவன் உனக்கு மச்சானா?"

வியாழக்கிழமை விலா உடைந்தது.

அந்த வருஷத்தில் இன்னும் மூன்று முறை வலித்தது, மூன்று முறை சொல்லப் போனான், டீ குடித்தான், அடிபட்டான். அவன் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. அவனும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்த்தான்.

ஐந்தாம் முறை வலி பின்மண்டையில் வந்தது. விலா உடைந்தால் கூடிவிடும். இந்த அடி விழுந்தால் பேச்சி வந்து பிணத்தைத்தான் வாங்க வேண்டும். ஆபீசுக்குப் போக எழுந்தவன், தான் எந்தப் பக்கம் நடக்கப்போகிறோம் என்று பிளாக்கே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டான். வியாழக்கிழமை ஜெயகுமார் இரண்டு முறை அவன் முதுகுப்பக்கம் வந்து நின்றான்.

"இந்த வாரம் டீ இல்லியோ?"

"இல்லண்ணே."

அடி விழவில்லை. வலியும் போகவில்லை.

இருவரும் விடுதலையாகி மூன்று வருஷமாகிறது. ஜெயகுமார் வித்துராவில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறான். கிழக்கேகோட்டையில் ஒரே பஸ்சுக்கு நிற்க நேர்ந்தால், அவனை முன்னால் ஏறவிட்டு, அவனுக்குப் பின் சீட்டில்தான் தாசையன் உட்காருவான்.

"தலைவேதனை போச்சாடா?" என்று திரும்பாமலே கேட்பான் ஜெயகுமார்.

"இல்லண்ணே."

இருவருக்கும் கணக்குத் தெரியும். ஜெயகுமார் தாசையனுக்குப் பின்மண்டையில் ஓர் அடி பாக்கி.