மாரியம்மாள் வந்தால்தான் தட்டு மாறும்

ராஸ் அல் கைமா சிமென்ட் கம்பெனி கேம்ப்பில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் வீரபாண்டியின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். எந்த எக்ஸ்சேஞ்சில் போட்டால் பணம் சீக்கிரம் ஊருக்குப் போகும், கம்பெனி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தால் லீவு எப்படிக் கேட்பது, அம்மாவும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டால் போனில் யார் பக்கம் பேசுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை உண்டு. யோசனையோடு வசவும் உண்டு.

"கட்டுனவ பேருக்கு அனுப்புடா, கூமுட்டை! அண்ணன் தம்பின்னு அனுப்புனே, கடைசியில தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் போவே."

இந்தப் புத்தி அவருக்குப் பட்ட பிறகு வந்தது. கல்ஃபுக்கு வந்த நாளிலிருந்து அவர் அனுப்பியதெல்லாம் அண்ணன் அம்மையப்பன் பேருக்குத்தான். அவர்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மூத்தவன் இருக்கும்போது பெண்டாட்டிக்குத் தனியாகப் பணம் போட்டால், முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன் என்று ஊரே சிரிக்கும். மனைவி மாரியம்மாள் ஒருமுறை போனில் வாய்விட்டுக் கேட்டாள்.

"என் பேருலயும் பேங்க்ல ஒரு கணக்குத் தொறந்து, கொஞ்சம் போட்டு வைங்களேன்."

"எங்கண்ணன் மேலயே சந்தேகமா? வாயக் கழுவுடி!" என்று போனை வைத்தார். அதோடு விட்டாரா? அதை அண்ணனிடமும் சொல்லிச் சிரித்தார். அம்மையப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஏன் சிரிக்கமாட்டான்!

ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அதனாலென்ன, சிடி வந்து சேர்ந்தது. ரூம் மொத்தமும் டிவி முன்னால் கூடி உட்கார்ந்தது. பட்டு வேட்டி கட்டி ஹோமத்தில் உட்கார்ந்திருந்தது அம்மையப்பனும் அவன் மனைவியும். வாசல் கல்லில் வெட்டியிருந்ததும் அம்மையப்பன் பெயர்தான். மாரியம்மாள் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வேலைக்காரி என்று நினைத்தோ என்னவோ, கேமராக்காரன் அவளைத் தாண்டிப் போய்விட்டான். அண்ணன் மகள் விஜி மட்டும் இலையில் சோற்றை வைத்து எடுத்துக்கொண்டு சின்னம்மாவைத் தேடிப் போவது திரையின் ஓரத்தில் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் செய்கு முகம்மதுதான் எழுந்து டிவியை அணைத்தார்.

பத்திரமும் அண்ணன் பேரில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நியாயம் கேட்கப் போன மாரியம்மாளை வாசலோடு விரட்டினார்கள். அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வீரபாண்டி ஒரே ஒரு வெறியில்தான் சோறு தின்றார். அம்மையப்பன் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும், வீடு கைக்குத் திரும்ப வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபல் அலியில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரெங்கராஜ் பஸ் ஏறி வந்தான். அவனுக்கு ஊரில் பெண் பேசியிருந்தார்கள். கல்ஃபில் இருக்கிற மாப்பிள்ளை, பெண் வீட்டு ஊர்க்காரன் யாராவது பக்கத்தில் இருந்தால் தேடிப் பிடித்து விசாரிக்காமல் தலையாட்ட மாட்டான். அவனுக்கு யாரோ வீரபாண்டியைக் கைகாட்டியிருந்தார்கள்.

"பொண்ணு பேரு விஜிண்ணே. அப்பா பேரு அம்மையப்பன். பஸ் ஸ்டாண்டுகிட்ட மாடி வீடு. ஆளு எப்படிண்ணே?"

வீரபாண்டி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கூடப்பொறந்தவங்க யாரும் இருக்காங்களா, அவருக்கு?"

"இல்லண்ணே. ஒத்தப் பிள்ளைன்னாரு."

ஒத்தப் பிள்ளையாம்! அடப் படுபாவி, உயிரோடு இருக்கிற தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டானே! வீரபாண்டிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ரெங்கராஜ் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்ல மாதிரிண்ணே. கல்யாணத்துக்கு அப்புறம் சம்பளத்த என் பேருக்கே அனுப்பிருங்க மாப்ள, நானே நல்ல எடமாப் பாத்து வாங்கிப் போடுறேங்குறாரு. அனுப்பலாமான்னு உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கத்தான் வந்தேன்."

வீரபாண்டி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த செய்கு முகம்மது பதறி எழுந்து உட்கார்ந்தார். சிரித்து முடித்ததும் வீரபாண்டி எல்லாவற்றையும் கொட்டினார், ஒன்றுவிடாமல். ரெங்கராஜுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எனக்கு இந்தச் சம்பந்தமே வேணாம்ணே. இப்பவே அப்பாவுக்குப் போன் போட்டு நிறுத்திர்றேன்."

நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். நிச்சயதார்த்தத்துக்கு அம்மையப்பன் ஊரையே கூப்பிட்டிருந்தான். கல்யாணம் நின்றால் அவன் தெருவில் நடக்க முடியாது. எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தார்! ஆனால் இலையில் சோற்றை ஏந்திக்கொண்டு போன அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? வாய் வரைக்கும் வந்ததை வீரபாண்டி விழுங்கினார்.

"பொண்ணு தங்கம்டா. அவள விட்டுறாத. அப்பன மட்டும் அடிப்போம்."

"எப்படி மாமா?" என்றான் ரெங்கராஜ். முறை தெரிந்ததும் அண்ணன் மாமாவாகிவிட்டார்.

"தட்டு மாத்துற நேரத்துல உங்கப்பா எந்திரிச்சுக் கேக்கட்டும், பொண்ணோட சின்னம்மா எங்கேன்னு. அவ கையால குடுத்தாத்தான் தட்ட வாங்குவோம், வீட்டத் தம்பி வீரபாண்டி பேருக்கு எழுதி வைக்காம அவ வரமாட்டான்னு சொல்லட்டும். ஒனக்கு அந்த வீட்டுல ஒரு செங்கல்லும் வராது. சம்மதமா?"

"ஒங்க ரத்தம் குடிச்ச வீடு எனக்கு எதுக்கு மாமா?" என்றான் அவன்.

நிச்சயதார்த்தத்தன்று வீரபாண்டி டூட்டிக்குப் போகவில்லை. மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நினைத்த நேரத்துக்கு மணி அடித்தது.

"தம்பி... நான்தான்டா. என் மானத்தக் காப்பாத்துடா. பந்தல் நெறயச் சனம் உக்காந்திருக்கு."

"யாருங்க பேசுறது? ஒங்களுக்குத்தான் தம்பியே இல்லையாமே. ராங் நம்பரா இருக்கும், பாத்துப் போடுங்க."

"டேய், நான் செஞ்சது தப்புத்தான்டா."

"எனக்கு எதுக்குச் சொல்றே? பந்தல்ல மைக் செட்டுப் போட்டிருப்பீல்ல? அதுல சொல்லு. இது என் தம்பி காசுல கட்டுன வீடு, நான் ஏமாத்திப் பிடுங்குனேன்னு சொல்லு. போன வச்சிறாத, எனக்குக் கேக்கணும்."

கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு மைக்கில் அம்மையப்பனின் குரல் உடைந்து உடைந்து வந்தது. சொன்னான், ஒரு சொல் விடாமல் சொன்னான். வீரபாண்டி கண்ணை மூடிக் கேட்டார்.

பத்திரம் முடியும்வரை தட்டு மாறாது என்று ரெங்கராஜின் அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாளே அம்மையப்பன் மாரியம்மாளின் தாய்வீட்டு வாசலில் போய் நின்றானாம். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லையாம். அதைக் கேட்டு வீரபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்ப் பத்திரத்தை முடித்தார்கள். மறுபடி பந்தல் போட்டார்கள்; மாரியம்மாள் வந்து நின்று தட்டைக் கொடுத்தாள். அன்றைக்கு வீரபாண்டி கேம்ப் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, புது போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் போட்டார்.

"என்ன மாரி, பாத்தியா எம்பொண்டாட்டிக்கு வந்த மரியாதைய! வீட்டுக்குள்ள போயிட்டியா?"

"போயிட்டேன். மாடியிலதான் நிக்கிறேன்."

"பத்திரத்தப் பத்திரமா எடுத்து வை. நான் வந்ததும் பட்டாவயும் என் பேருக்கு மாத்திருவோம்."

"பத்திரம் உங்க பேருல இல்ல. என் பேருல இருக்கு."

வீரபாண்டிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என் பேருக்குத்தானே எழுதச் சொன்னேன்?"

"சொன்னீக. என் பேருக்குன்னா வர்றேன், இல்லன்னா தட்ட நீங்களே மாத்திக்கங்கன்னு உங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். மனுசன் சந்தோசமா எழுதிக் குடுத்தாரு. ஒங்க வயிறு எரியட்டும்னு அவருக்கும் ஆசைதானே."

"ஏன்டி, நீ வேற நான் வேறயா?"

"கணக்குத் தொறங்கன்னு கேட்டப்ப வேறயாத்தானே இருந்தேன்? வாயக் கழுவச் சொன்னீக. அதச் சொல்லிச் சிரிச்சீகளாம், கிரகப்பிரவேசத்துல உங்கண்ணன் பந்திக்குப் பந்தி சொன்னாரு. அன்னைக்குக் கொல்லையில ஒக்காந்து பாத்திரம் கழுவுனப்ப எனக்கு அவர் மேல கோவமே வரல. என்னய அங்க கொண்டு போயி ஒக்கார வச்சது யாருன்னு எனக்குத் தெரியும்."

"மாரி..."

"லீவு கெடச்சா வாங்க. வந்து கதவத் தட்டுங்க. தொறக்கலாமா வேணாமான்னு அன்னைக்கு யோசிச்சுக்குறேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். கார்டில் இன்னும் நேரம் இருந்தது.