இசக்கிதுரையின் முப்பத்தொன்பதாம் கடிதம்

இசக்கிதுரையின் தலைமாட்டில் அவர் மனைவி பார்வதியம்மாள் இருந்தாள். கால்மாட்டில், அம்பர்நாத்திலிருந்து முதல் ரயிலில் வந்திறங்கிய மகள் மாரீஸ்வரி. சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களின் மேல் அவர் தம்பி நாகராஜும் ஊர்ச் சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்ரெசருக்குப் பக்கத்து பெஞ்சில் கேரேஜின் கூட்டாளி ஹமீது. அவர் மனைவி சாயிரா பெண்களோடு தரையில். அவர்கள் மகன் நசீர் மட்டும் உட்காரவில்லை. தார்ப்பாய் போர்த்திய காரில் முதுகைச் சாய்த்து, அது எங்கேயும் போய்விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் போல நின்றான்.

வீடு கேரேஜுக்கு மேலேதான். ஆனால் அந்த இரும்பு ஏணியில் ஆளை ஏற்ற முடியாது. ஏற்றினால் இறக்க முடியாது. அதனால் காரைச் சுவரோரம் தள்ளி, எண்ணெய்த் தரையில் மரத்தூள் தூவி, கண்ணாடிப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்த இடத்துக்கும் பெட்டிக்கும் நாலு முழம்கூட இருக்காது.

வந்தவர்கள் மாலையைப் போட்டு, இறந்தவர் முகத்தைப் பார்த்த கையோடு தார்ப்பாயையும் பார்த்தார்கள். ஹமீது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கம் கதவு திறக்கிற குட்டைக் குடும்பக் கார்தான் அது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும். பழைய ஜீப்பின் பின் அச்சை அதற்கடியில் பொருத்தி, நாலு சக்கரமும் இழுக்கிற ராலிப் பந்தய வண்டியாக்குகிறேன் என்று இசக்கிதுரை கிளம்பியபோது தேவ்நார் வரைக்கும் மெக்கானிக்குகள் சிரித்தார்கள். முதல் வருஷம் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றி, நடுத்தண்டு முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. மூன்றாம் வருஷம் வேகம் கூட்ட டர்போ வைத்தார். சூட்டில் வயரெல்லாம் உருகிப்போயிற்று. ஐந்தாம் வருஷ மழையில், பெரிய ஜீப்புகள் சக்கரம் சுற்றி நின்ற மலைச்சேற்றில் இந்த வண்டி ஆடுபோல ஏறியது. இது ஆறாம் வருஷம். ராலிக்கு இன்னும் ஒன்பது நாள். ஓட்டப்போகிறவன் நசீர்.

பார்வதியம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த வண்டியின் நட்டு ஒவ்வொன்றும் எழுத்து வழியாகத் தெரியும். கோயம்புத்தூரில் ராலி வண்டிகளைச் சோதித்து அனுமதி கொடுக்கும் வேங்கடசுப்ரமணியன் கறாரான மனிதர். கேரேஜில் கட்டிய வண்டியென்றால், கட்டியவர் ஒவ்வொரு கட்டத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அப்படி முப்பத்தெட்டுக் கடிதங்கள் போயிருந்தன. எல்லாம் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்த இவளுடைய கை: தேதி, பொருள், எண் போட்ட விவரங்கள். கையெழுத்து மட்டும் அவருடையது. அதிலும் அவருக்கு ஒரு வழக்கம். சாயங்காலம் எத்தனை தேய்த்தாலும் கைக்கரி போகாது என்பதால், காலையில் குளித்து வந்ததும் வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். விளக்கு வைத்த பிறகு அவர் சொல்லச் சொல்ல இவள் மேலே நிரப்புவாள்.

நேற்றுக் காலையிலும் போட்டிருந்தார்.

தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஹமீது அருகில் வந்து குந்தினார்.

"மதினி, இப்பம் கேக்கக் கூடாதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் போய்ச் சேரணும். அண்ணாச்சி கையெழுத்து போட்ட பேப்பர் மேல இருக்குலா? வண்டி ரெடின்னு நாலு வரி எழுதிருங்க. போதும். வண்டி கதவுல அவ்வொ பேரு இருக்கும்."

"ரெடின்னு அவ்வொ சொன்னாவளா?"

"நேத்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தோம். ஒரு சத்தமில்ல. சிரிச்சிக்கிட்டேதான் எறங்குனாவ."

சிரித்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டி முடித்த வண்டியில் கியர் ஆயிலை வடித்து, வடிகால் நட்டின் உள்முனையில் இரும்புத்தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தைப் பார்க்காமல் அவர் எந்தக் கடிதத்துக்கும் ஒரு வரி சொன்னதில்லை. அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் நாகராஜ் கொள்ளிச்சட்டியோடு எழுந்துவிட்டான்.

ஆண்கள் சயான் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் தரையைக் கழுவினார்கள். மரத்தூளைத் தள்ளிக்கொண்டே போன மாரீஸ்வரி, நேற்றுக் காரோடு சேர்த்து ஓரம் தள்ளியிருந்த ஒரு தட்டைக் காருக்கடியிலிருந்து இழுத்தாள்.

"எம்மா, இந்த எண்ணெயைக் கொட்டிரவா?"

"கொட்டாத."

வடித்த ஆயில். தட்டின் பக்கத்தில், நாலாக மடித்த வெள்ளைத் துணியின் நடுவில், நட்டு. பார்வதியம்மாள் ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அதை எடுத்தாள். காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மை போல அப்பியிருந்தது. அது ஒன்றுமில்லை. பதினேழாவது கடிதம், மூன்றாவது விவரம்: மையாக இருந்தால் கியர்ப் பல் பழகுகிறது, நகத்துக்கு வந்தால் பல் உடைகிறது. அவள் நகத்தை வைத்துக் கீறினாள். சீரகம் அளவில் மூன்று சில்லுகள் வந்தன.

அப்படியானால் அவரும் பார்த்திருக்கிறார். பார்த்து, துணியில் வைத்து, பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

மாரீஸ்வரி என்னம்மா என்று இரண்டு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை, நீ கழுவு என்றாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் திரும்பி வந்து, கேரேஜ் குழாயில் தலைமுழுகினார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது; சாயிரா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஹமீது சாப்பிட உட்காரும் முன் பார்வதியம்மாள் அவர் உள்ளங்கையில் மூன்று சில்லுகளையும் வைத்தாள். அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"புது கியர், மதினி. கொஞ்சம் உதிரத்தான் செய்யும்."

"பதினேழாவது லெட்டரோட நகல் மேல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

அவர் சில்லுகளோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ விட்டா அடுத்த வருஷம்" என்றார். "அடுத்த வருஷம் இதப் பிரிச்சிச் செய்ய ஆரு இருக்கா? நானா? எனக்கு பெயிண்டும் டிங்கரிங்கும் தெரியும். வண்டி இப்படியே நிக்கும், மதினி. ஆறு வருஷம். அண்ணாச்சி உசுரு இது."

"ஓட்டுறது ஒங்க மவன்."

சத்தமாகச் சொல்லவில்லை. குழாயடியில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த நசீருக்குக் கேட்டிருக்காது. ஹமீது விரல்களை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கையால் சோற்றைத் தொடவில்லை.

பார்வதியம்மாள் ஏணியில் ஏறிப் போனாள். கையெழுத்துப் போட்ட தாள் தகரப்பெட்டிக்கு மேலேயே இருந்தது. நேற்றைய தேதியைப் போட்டாள். ஒன்று: முந்நூறு கிலோமீட்டர் ஓட்டம் முடிந்தது. இரண்டு: ஆயில் வடித்துப் பார்த்ததில் காந்தத்தில் மூன்று சில்லுகள் இருந்தன. மூன்று: நடு கியர்பெட்டியைப் பிரிக்காமல் வண்டி ஓடக் கூடாது. நான்கு: ஆகவே இந்த வருஷம் இந்த வண்டிக்கு அனுமதி தர வேண்டாம். எழுதி முடித்ததும் வழக்கம்போல ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றாக, அவர் கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சேர்த்தாள்: கையெழுத்திட்டவர் அன்று சாயங்காலம் காலமானார். எழுதியவர், மனைவி, பார்வதியம்மாள்.

பசை காய்ந்துபோயிருந்தது. கீழே குரல் கொடுத்து ஒரு பருக்கை சோறு கேட்டாள். கொண்டுவந்தவன் நசீர். ஈரத்தலையோடு ஏணியின் கடைசிப் படியில் நின்றான்.

"வாப்பா சொல்லிட்டாரு, மாமி."

"ம்."

"வண்டில எறங்கும்போது மாமா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

"காந்தத்தப் பாத்தது அதுக்கப்பறம்லா."

சோற்றைக் கவரின் ஓரத்தில் மசித்துத் தேய்த்து மடித்தாள். முகவரியை ஒருமுறை சரிபார்த்து நீட்டினாள்.

"ஸ்பீட் போஸ்ட்ல போடு. மாட்டுங்கா ஆபீஸ் அஞ்சு வரைக்கும் இருக்கும். ரசீது வாங்கிட்டு வா."

நசீர் கவரை வாங்கித் திருப்பினான். ஒட்டின இடத்தைப் பெருவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இன்னொரு தடவை அழுத்திவிட்டு, ஏணியில் இறங்கினான்.